பாறை கசிந்த சன்னிதி

அஜர்பைஜான் தலைநகர் பாகூவை அடுத்த சுரகானியில், ஐங்கோண மதிலுக்கு நடுவே, நான்கு தூண் மண்டபத்தில் தீ எரிகிறது. கோயிலின் பெயர் ஆதேஷ்கா. மதிலை ஒட்டிய யாத்ரிகர் அறைகளின் வாசல்மேல் தேவநாகரி, குருமுகி கல்வெட்டுகள். சம்வத் 1802, அதாவது 1745-ஐச் சேர்ந்த ஒன்று கணபதி வணக்கத்தோடு தொடங்கி ஜ்வாலாஜியைப் போற்றுகிறது. இமாசலத்து ஜ்வாலாமுகி அம்மனின் பெயர், காஸ்பியன் கடலோரக் கல்லில்!

இரண்டு இடங்களையும் இணைப்பது பக்தி மட்டுமல்ல, நிலத்தடிப் பாறையும்தான். ஆழத்தில் புதைந்த உயிர்ப்பொருள் சூடேறி எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறுகிறது. இரண்டும் தண்ணீரைவிட லேசு. மணற்பாறைத் துளைகளில் நிறைந்திருக்கும் நீரினூடே மேலேறும். குறுக்கே களிப்பாறை வந்தால் நிற்க வேண்டியதுதான். அதன் துளைகள் அவ்வளவு நுண்ணியவை. உள்ளிருக்கும் நீரைத் தள்ளிக்கொண்டு வாயுவால் நுழைய முடியாது. பாறை மடிப்பின் முகட்டுக்கு அடியில் அது தேங்கிவிடும். இதில் நிலப்பிளவுக்கு இரட்டை வேடம். பாறை வழுக்கி, மணற்பாறைக்கு எதிரே களிப்பாறை வந்து நின்றால் பிளவே அடைப்பாகிவிடும். அரைபட்ட களிமண் பிளவில் அப்பிக்கொண்டாலும் அப்படியே. அதே பிளவு மேலே மூடியிருக்கும் களிப்பாறையை அறுத்துவிட்டால் வாயு மேலே கசியும்.

எண்ணெய் தேடுபவருக்கு அந்தக் கசிவு கைநழுவிய சேமிப்பு. பக்தருக்கோ சன்னிதி. ஜ்வாலாமுகியில் சிலை இல்லை. பாறை இடுக்கில் எழும் சுடர்களே அம்மன். 1950-களில் அரசு எண்ணெய் ஆணையம் அங்கே துளையிட்டுப் பார்த்தது. பக்தர் கூட்டம் குறையவில்லை.

குறைய வேண்டுமா என்ன? சைவ சித்தாந்தம் குடத்துக்கு மூன்று காரணம் சொல்லும்: மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். இந்தத் தீயைப் பொறுத்தவரை நிலவியல் முதல் இரண்டையும் துல்லியமாக விளக்குகிறது. மூன்றாவதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. இல்லை என்று மறுக்கவும் இல்லை. பக்தரும் இந்த மௌனத்தைத் தம் வாதத்துக்குச் சான்றாக நீட்ட முடியாது.

சுரகானியின் தீயை அணைத்தது விளக்கம் அல்ல. 1850-களின் இறுதியில் கோயிலுக்குப் பக்கத்திலேயே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. சுற்றுவட்டாரத்தில் வாயுவை எடுத்துக்கொண்டே போனதில், 1969-ல் இயற்கைச் சுடர் நின்றுபோனது. இன்று எரிவது குழாய் வாயு.

அதனால் புனிதம் போயிற்று என்பார் உண்டு. அந்தக் கணக்கு சரியில்லை. திருவண்ணாமலை மகாதீபமும் மனிதர் நெய் வார்த்து ஏற்றுவதுதானே? சுரகானியின் இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது: தீ அணைவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள், அங்கே வழிபாடு ஏறக்குறைய ஓய்ந்துவிட்டிருந்தது.