தீனார் அளவு நட்சத்திரம்

வானத்து நட்சத்திரத்தைக் கண் ஒரு தீனார் நாணயத்தின் அளவாகவே காண்கிறது. கணித ஆதாரங்களோ அது பூமியைவிடப் பெரியது என்று நிலைநாட்டுகின்றன. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'அல்முன்கிது மினள்ளலால்' என்னும் நூலில் இந்த உதாரணத்தைக் காட்டி, புலன்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற வினாவை எழுப்புகிறார்கள். கி.பி. 1111இல் மறைந்த அப்பெரியாரின் வினாவை நாம் இன்னும் ஒரு படி கொண்டு செல்லலாம். கண்ணின் பிழையைக் கணக்குத் திருத்தியது, சரி. கணக்குக் காட்டும் பருமனையே மதிப்பு என்று கொண்டுவிடலாமா?

9ஆம் நூற்றாண்டு வானநூல் அறிஞர் அல்பர்கானீ, தாலமியின் கணக்கைத் தழுவி, சூரியனின் விட்டம் பூமியினுடையதைப் போல் ஐந்தரை மடங்கு என்று எழுதினார். இன்று நாம் அறிந்த அளவு 109 மடங்கு. கன அளவில் பார்த்தால் சுமார் 13 லட்சம் பூமிகளுக்குச் சமம். அடுக்களையிலிருந்து ஒரு மிளகை எடுத்து அதைப் பூமி என்று வைத்துக்கொள்வோம். கிரகங்களுள் பெரியதான வியாழன் ஓர் எலுமிச்சம்பழம். சூரியனோ ஒன்றேமுக்கால் அடி விட்டமுள்ள உருண்டை. அதிலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளி மிளகை வைக்க வேண்டும். அந்த மிளகின்மேல்தான் நமது ஊர், நமது வரப்புச் சண்டை, கல்வெட்டில் யார் பெயர் முதலில் வருவது என்ற வழக்கு எல்லாம்!

இதைக் கேட்டதும் சிலர், "இத்தனை பெரிய அண்டத்தில் மனிதன் எம்மாத்திரம்? அவன் செய்யும் நன்மை தீமையால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்கிறார்கள். கேட்பதற்குப் பணிவு போல் இருக்கிறது. பொறுப்பிலிருந்து நழுவப் பார்க்கும் பேச்சு என்றே நாம் கருதுகிறோம். பூமி மிளகளவு என்று தெரிந்துவிட்டதால், அநாதையின் சொத்தை அபகரித்தவன் குற்றம் குறைந்துவிடுமா? அந்தப் பிள்ளையின் பசிதான் குறையுமா? சூரியனுக்குப் பசியில்லை. தான் பெரியது என்பதும் அதற்குத் தெரியாது; அளந்து சொன்னவன் மிளகின்மேல் நிற்பவன்தான்.

பருமன் என்பது வானத்திலேயே முடிவான அளவுகோலாக இல்லை. சுமார் 80 ஒளியாண்டுத் தொலைவில் டபிள்யூ.டி. 1856 என்றொரு வெண்குறுமீன் இருக்கிறது. எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரத்துக்கு அப்படிப் பெயர். அதன் விட்டம் பூமியைவிட ஏறத்தாழ 40 விழுக்காடுதான் அதிகம். அதைச் சுற்றிவரும் ஒரு கிரகத்தை 2020இல் அறிவித்தார்கள். அது வியாழனளவு பெரியது; தன் நட்சத்திரத்தைப் போல் 7 மடங்கு அகலம். எலுமிச்சம்பழம் மிளகைச் சுற்றுகிறது! 34 மணி நேரத்துக்கு ஒரு சுற்று. காரணம், பூமியைவிடச் சற்றே பெரிய அந்தச் சிறு உருண்டைக்குள் சூரியனில் பாதி நிறை அடங்கிக் கிடக்கிறது.

ஆக, கண் ஒன்றைச் சொன்னது. முழக்கோல் அதைத் திருத்தியது. தராசு முழக்கோலைத் திருத்தியது. 'மனிதன் எம்மாத்திரம்' என்பவர் முழக்கோலோடு நின்றுவிட்டவர். இமாம் அவர்கள் அப்படி நிற்கவில்லை. புலன்களைப் பொய்யாக்க அறிவு வந்ததுபோல, அறிவையும் பொய்யாக்கும் நீதிபதி ஒருவர் அதற்கு அப்பால் இருக்கக்கூடுமல்லவா என்று கேட்டார்கள். விடை கிடைக்காமல் ஏறக்குறைய இரண்டு மாதம் அந்த ஐயம் ஒரு நோயாகவே தம்மைப் பற்றியிருந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள்.