பாட்டும் நிறுவையும்

தேயிலை மலையிற் கொழுந்தெடுக்கும் பெண்கள் பாடிக்கொண்டே தொழில் செய்து வந்தவர்கள். ஆகவே அவர்கள் தம் உழைப்பில் இன்பங் கண்டவர்கள் என்று இலக்கிய அன்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் வாதித்தார். நாட்டுப்பாடல்களில் மெய்யான ஈடுபாடுடையவர் அவர். ஆனால் இசையைக் கேட்டவர் பொருளைக் கேட்கவில்லை. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலையகப் பாடல்களைப் படிப்போர் அவற்றிற் காண்பது கங்காணியின் ஏச்சும், கூலிக் குறைவும், கடல் கடந்து வந்தோரின் ஏக்கமுமே. அந்தப் பாட்டு இன்பத்தின் சான்றன்று. தாங்கமுடியாததைத் தாங்குவதற்கு மனிதர் கண்ட உபாயம்.

அப்பெண்ணின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் பெரட்டுக்கு ஓடவேண்டும். காலையில் மலையேறியவள் மாலை நிறுவை முடிந்த பின்னரே லயத்துக்குத் திரும்புவாள். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் நிறையிற் கழிவு உண்டு. குறித்த நிறை சேராவிட்டால் அரைப்பேர்தான். நாட்கூலியைப் 'பேர்' என்றே தோட்டத்தில் வழங்குவர். கொழுந்து குறைந்த நாளில் மனிதரின் பெயரே பாதியாகிவிடுகிறது! கணக்கேட்டில் இவ்வளவு கூர்மையான சொல்லை வைத்தவர் யாரோ, அவர் தாம் செய்ததை அறிந்திருக்க மாட்டார்.

கவ்வாத்து வெட்டும் ஆண் தனக்களந்த வேலையை முடித்துவிட்டு நண்பகலுக்குப் பின் வீடு திரும்பிவிடுவதுண்டு. கொழுந்தெடுப்பவளுக்கு அந்த வாய்ப்பில்லை. 1984ஆம் ஆண்டுப் போராட்டத்தின் பின் தோட்டப் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்தது. சமமான ஓய்வு கிடைக்கவில்லை.

எட்டு மணி நேர வேலைக்காக 1886இல் சிக்காகோத் தொழிலாளர் இரத்தஞ் சிந்தினர். 1919இல் சர்வதேசத் தொழில் அமைப்பு தன் முதலாவது சமவாயத்திலேயே அதனை ஏற்றது. எனினும் அது கைத்தொழில் நிலையங்களுக்கு வகுத்த விதி. வயலும் மலையும் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. 1930இல் கெயின்ஸ் என்ற பொருளியலறிஞர், நூறாண்டுகளில் மனிதர் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரமே உழைத்தாற் போதுமென எதிர்பார்த்தார். அத்தவணை முடிய இன்னுஞ் சில ஆண்டுகளே உள்ளன. அவர் எண்ணிய 'மனிதரில்' கூடை சுமப்பவள் இருந்தாளா என்பது ஐயமே.

அப்படியாயின் உழைப்பே துன்பமா? அதுவுமன்று. லயத்தின் பின்புறத்தில் அதே பெண் ஒரு துண்டு நிலத்தைக் கொத்திப் போஞ்சியும் கோவாவும் நடுகிறாள். அதே வெயில், அதே முதுகுவலி. ஆனால் எதை நடுவது, எப்போது நிறுத்துவது, விளைந்ததை யார் உண்பது என்பவற்றை அவளே தீர்மானிக்கிறாள். உழைப்பின் பயன் அந்நியமாகும்போது உழைப்பே உழைப்பவனுக்கு அந்நியமாகிவிடுகிறது என்று 1844இல் இளம் மார்க்ஸ் எழுதிவைத்த கருத்து, அந்தப் போஞ்சிக் கொடியருகே எவருக்கும் விளங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உழைப்பில் மகிழ்ச்சி காண்க என்று உபதேசிப்போர் பெரும்பாலும் சம்பளங் கொடுப்போரே. தொழிலை நேசிக்கும் ஆசிரியையிடமும் தாதியிடமும் அந்நேசத்தைக் காட்டியே மேலதிக நேரம் கறக்கப்படுகிறது. ஆதலால் நேரத்தின் கேள்வியை மகிழ்ச்சியின் கேள்வியால் மூடிவிடலாகாது. மாலை மங்கி வீடு திரும்புபவளுக்கு மண்வெட்டியைத் தூக்க வலு எங்கே? தன் நிலத்தில் மகிழ்வதற்கும் முதலிற் பகலில் ஒரு பகுதி மிஞ்சவேண்டும்.

நண்பர் முழுமையாக உடன்படவில்லை. மறுமுறை மலையகஞ் செல்லும்போது, பாட்டைக் குறிக்கும் ஏட்டிலேயே பாடியவள் பெரட்டுக்கு வந்த நேரத்தையும் நிறுவை முடிந்து இறங்கிய நேரத்தையும் குறித்துவர மாத்திரம் இசைந்திருக்கிறார்.