தன்னைப் பற்றிச் சொல்லுதல்

பட்டம் பெற்று வேலை தேடும் நம் பிள்ளைகள் இன்று ஒரே நாளில் பல வாயில்களைக் கடக்க வேண்டியிருக்கிறது. காலையில் எழுத்துத் தேர்வு. பின்னர் எட்டுப் பத்துப் பேரை ஒன்றாக அமர்த்திக் குழு விவாதம். எஞ்சியோருக்கு மாலையில் நேர்காணல். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதே அங்கே பெரும்பாலும் முதல் வினா. எளிய வினாதான். ஆயினும் அறநெறியாளர் பல நூற்றாண்டுகளாகச் சிந்தித்துவரும் சிக்கல் ஒன்று அதனுள் இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த பெருமழையை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. வீடுகளில் நீர் புகுந்த குடும்பங்கள் பள்ளிக்கூடங்களில் தங்கின. அங்கே உதவி செய்த மாணவி ஒருத்தி இப்போது பொறியியல் பட்டதாரி. வேலைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தவள் ஒருநாள் தாள் ஒன்றுடன் நம்மிடம் வந்தாள். "வெள்ள நிவாரணப் பணிக்கு நான் தலைமை தாங்கினேன்" என்று சொல்லுமாறு அவளுடைய பயிற்சியாளர் எழுதிக் கொடுத்திருந்தார்.

"ஃபாதர், நான் வெங்காயம்தான் உரிச்சேன். இப்படிச் சொன்னா பாவமா?"

ஆயத்தம் செய்வதில் பொய் ஏதுமில்லை. மறையுரைக்கு நாமும் ஆயத்தம் செய்கிறோம். செய்யாத ஞாயிறுகளில் மக்கள் படும் பாட்டை அவர்களே அறிவர். பழகிய சொல் என்பதால் ஒரு சொல் பொய்யாகிவிடாது. அதன் பின்னே செயல் இருக்கிறதா என்பதே கேள்வி. அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் நான்காம் பகுதியில் மூவரைக் காட்டுகிறார்: இல்லாததை உரிமை கொண்டாடுபவர், உள்ளதை மறுப்பவர், உள்ளபடி உரைப்பவர். புகழுக்காகப் பெருமையடிப்பதைவிடப் பணத்துக்காகப் பெருமையடிப்பது இழிவு என்பதும் அவர் கருத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தற்பெருமையை மட்டுமன்று, பொய்யான தன்னிழிவையும் உண்மைக்கு எதிரான குற்றங்களின் வரிசையிலேயே வைத்தார். தம் நன்மையைச் சற்றுக் குறைத்துச் சொல்லலாம் என்று இடம் கொடுக்கும் அவர், இருப்பதை இல்லை என்று மறுக்க இடம் கொடுப்பதில்லை.

இந்த இரண்டாம் குற்றத்தை நாம் குற்றமாகவே எண்ணுவதில்லை. "வெங்காயம் தவிர வேறொன்றும் செய்யவில்லையா, அம்மா?" என்று வினவினோம். நெடுநேரம் கழித்து ஒரு நோட்டுப் புத்தகம் வெளிவந்தது. எந்த முதியவருக்குச் சர்க்கரை மாத்திரை வேண்டும், எந்தக் குழந்தைக்குப் பால் மாவு வேண்டும், யாருடைய உறவினர் எந்தப் பள்ளியில் தங்கியிருக்கிறார் என்றெல்லாம் அவள் எழுதி வைத்திருக்கிறாள். மூன்றாம் நாள் வந்த மருத்துவக் குழு அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆள் ஆளாகப் பார்த்ததாம். "அது சும்மா எழுதி வச்சது, ஃபாதர்." செய்யாததைச் சொல்லப் பயிற்சியாளர் கற்றுக்கொடுத்தார். செய்ததைச் சொல்லாதிருக்கக் கற்றுக்கொடுத்தவர்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள், நாமே அல்லவா?

கல்லூரியில் நால்வர் சேர்ந்து செய்த ஆய்வுப் பணியைப் பற்றி "நாங்கள் செய்தோம்" என்று சொன்னால், "அதில் நீங்கள் செய்தது என்ன?" என்று நேர்காண்பவர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். 'நாங்கள்' என்பது ஒன்றும் செய்யாதவருக்கு மறைவிடம். எல்லாம் செய்தவருக்கு முக்காடு. (இக்கட்டுரை நெடுக 'நாம்' என்றே எழுதும் நமக்கும் அது வசதியான சொல்லே!)

குழு விவாதத்தின் வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல், பிரித்தானியப் படை தன் அதிகாரிகளைப் புதிய முறையில் தேர்ந்தெடுத்தது. அதில் பணியாற்றிய மனநல மருத்துவர் வில்பிரட் பியான், தலைவர் எவரையும் நியமிக்காமல் ஒரு குழுவிடம் வேலையை ஒப்படைத்தார். தன் வெற்றியே ஐயத்தில் இருக்கும் வேளையில் ஒருவர் அயலாரை எவ்வாறு நடத்துகிறார் என்பதையே அவர் காண விரும்பினார். இன்றோ, முந்திப் பேசு, உரக்கப் பேசு என்று பயிற்றுவிக்கிறார்கள். 'மீன் சந்தை' என்று பிள்ளைகள் அதைக் கேலி செய்வதுண்டு. நம் கடற்கரை ஏலத்தில்கூட ஒருவர் விலை சொல்வது மற்றவர் காதில் விழுகிறது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவளுடைய தந்தை உப்பளத் தொழிலாளி. கல்விக் கடன் நிலுவையில் இருக்கிறது. அதே கூடத்தில் "தலைமை தாங்கினேன்" என்று கூசாமல் சொல்லும் பலர் அமர்ந்திருப்பர். அடுத்த வேளை உணவுக்குக் கவலையில்லாத நாம் அவளுக்கு உண்மையை அறிவுறுத்துவது எளிது. அடுத்த கேள்வியில் அகப்பட்டுக்கொள்வாய் என்று சொல்லலாம். அது அச்சமே தவிர அறம் அன்று. நமக்குத் தோன்றிய காரணம் வேறு. அந்தத் தலைமைக்கு உரியவர்கள் இருக்கிறார்கள். மூன்று இரவுகள் கண்ணயராமல் பள்ளி முற்றத்தில் பொங்கிப் போட்ட ஏழெட்டுப் பெண்கள் அவர்கள். அவர்களை எந்த நிறுவனமும் நேர்காணலுக்கு அழைக்கப்போவதில்லை. "தலைமை தாங்கினேன்" என்ற சொல் அவர்களுடைய கையிலிருந்து எடுக்கப்படும் சொல். இதைச் சொன்னபோது அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நேர்காணலில் வெங்காயத்தையும் சொன்னாளாம், நோட்டுப் புத்தகத்தையும் சொன்னாளாம். அந்நிறுவனம் அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை. காரணம் எதுவும் தெரிவிக்கப்படவில்லை. நம் அறிவுரைதான் அவளுடைய வாய்ப்பைக் கெடுத்ததோ என்ற எண்ணம் சில நாள்களாக நம்மை விட்டு அகலவில்லை. அடுத்த மாதம் மதுரையில் இன்னொரு நேர்காணல். ஈரம் பட்டு ஓரங்கள் ஒட்டிப்போன அந்த நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்து, நேற்று வெயிலில் காய வைத்திருந்தாள்.