பூனையின் ஆறு மணி

ஒருவன் தன் வீட்டுப் பூனைக்கு நாளொன்றுக்கு இருமுறை இன்சுலின் ஊசி ஏற்றுகிறான் என்றால் எம்மவரிற் பலர் முதலிற் சிரிப்பர். சிரிப்பு அடங்கியதும் சிலருக்குக் கோபம் வரும். மனிதருக்கே மருந்தில்லாத நாட்டிற் பூனைக்கு மருந்தா என்பதே அக்கோபத்தின் பொருள். இக்கேள்வியை என்னிடம் நேரிற் கேட்டவர் என்னோடு ஒரே பாடசாலையிற் கற்பிக்கும் நண்பர். நீண்டகாலம் தொழிற்சங்க வேலை செய்தவர். சொல்லுக்கும் செயலுக்கும் இடைவெளி வைக்காதவர். "என் பணம், என் பூனை, இதனால் எவருக்கும் நட்டமில்லை" என்று அவருக்கு விடை கூறினேன். சொத்துரிமை பேசுவோரின் விடை அது. வகுப்பில் ஒரு மாணவன் அவ்வாறு சொல்லியிருப்பின் அரைமணி நேரம் மறுத்துரைத்திருப்பேன். என் வாயிலிருந்து அது அத்துணை எளிதாக வந்தது என்பதே என்னை எழுதத் தூண்டிற்று.

பூனையின் பெயர் செம்பன். பத்து வயதைத் தாண்டிய, உடல் பருத்த, வீட்டைவிட்டு அதிகம் வெளியேறாத ஆண் பூனை. 2021ஆம் ஆண்டின் இறுதியில் அது ஓயாது நீர் குடிக்கத் தொடங்கியது. முன்னிலும் அதிகமாகத் தின்றது, ஆயினும் மெலிந்தது. பின்னர், பின்னங்கால்களின் நுனியில் நடப்பதை விட்டுக் குதிவரை நிலத்திற் பதித்து நடந்தது. நீரிழிவினால் நரம்பு பாதிக்கப்பட்ட பூனைகள் இவ்வாறு நடக்கும் என்று மிருக வைத்தியர் விளக்கினார். பூனைக்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் நடுவயது மனிதருக்கு வரும் வகையைச் சார்ந்தது என்றும், மாப்பொருள் குறைந்த உணவோடு ஒழுங்காக இன்சுலின் கொடுத்துவரின் சில பூனைகள் மாதக்கணக்கில் ஊசியே தேவைப்படாத நிலைக்கு மீள்வதுண்டு என்றும் அவர் கூறினார். ஒழுங்காக என்ற சொல்லை அழுத்தியே கூறினார்.

அந்த ஒழுங்கு யாது? பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஊசி. ஏற்றுமுன் பூனை உண்டதா என்று பார்த்தல் வேண்டும்; உண்ணாத வயிற்றில் முழு அளவு மருந்து சென்றால் இரத்தத்திற் சீனி வீழ்ந்து உயிர் போகவும் கூடும். ஒரு வேளை தவறினால் தவறியதாகவே விட்டுவிட வேண்டும். அடுத்த வேளை இரட்டிப்பாக ஏற்றுதல் ஒருபோதும் ஆகாது. ஏற்றினோமா இல்லையா என்ற ஐயம் எழுந்தால் ஏற்றாமலே விடுதல் வேண்டும். தள்ளாடினாலோ சோர்ந்து விழுந்தாலோ பல்லீறில் தேனையோ குளுக்கோசையோ தடவிவிட்டு வைத்தியரிடம் ஓட வேண்டும். செம்பனுக்கு உரிய அளவு வேளைக்கு ஓர் அலகு. நூறு அலகுக்கு ஒரு மில்லிலீற்றர் என்ற கணக்கில் அது ஒரு மில்லிலீற்றரின் நூறில் ஒரு பங்கு. ஊசிக்குழலின் முதற் கோட்டில் நிற்கும் அந்தத் துளியைக் கண்ணால் மட்டிட நான் பழக ஒரு வாரம் சென்றது. ஊசி குத்துதல் கடினமன்று. கழுத்தோரத் தோலைத் தூக்கிப் பிடித்தால் பூனை தின்பதையும் நிறுத்தாது.

கடினமானது கடிகாரமே. பாடசாலை ஏழரைக்குத் தொடங்குகிறது. ஆகவே காலை ஆறு மணி, மாலை ஆறு மணி என்று வகுத்தேன். ஓரிரு மணித்தியாலம் முன்பின்னாவதைப் பூனையின் உடல் பொறுக்கும். ஆனால் ஆசிரியனுடைய மாலை ஓரிரு மணித்தியாலத்தில் அடங்குவதன்று. பெற்றோர் கூட்டம், இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி, உயர்தர மாணவர்க்கான மேலதிக வகுப்பு, செத்தவீடு, கலியாணவீடு, விடைத்தாள் திருத்தப் பிற மாவட்டம் சென்று தங்க வேண்டிய நாட்கள் எல்லாம் உண்டு. 2022 மே மாதம் பெற்றோல் வரிசையில் நின்ற ஒருநாள் மாலை ஆறு மணியாயிற்று. எனக்கு முன்னால் நாற்பது மோட்டார்ச் சைக்கிள்கள். வரிசையை விட்டால் இடம் போய்விடும். அன்று தொலைபேசியில் நான் சொல்லச்சொல்ல, ஊசியைக் கண்டாலே அஞ்சும் என் அக்கா முதன்முறையாகச் செம்பனுக்கு ஊசி ஏற்றினார். அதன்பின் வாரத்தில் நான்கு மாலைகள் அவரே ஏற்றினார். மேலே "நான்", "நான்" என்று எழுதிக்கொண்டு வந்தேன். அது வழக்கமான திருட்டு. ஆண்கள் எடுக்கும் உயர்ந்த தீர்மானங்களுட் பலவற்றை நாள்தோறும் நிறைவேற்றுவோர் வீட்டுப் பெண்களே.

தமிழ் படித்தவன் என்ற வகையில் ஒன்று எனக்குத் தோன்றியது. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும் பிறவுயிர்பால் இரக்கத்துக்கு இலக்கணமாக நாம் பாடஞ் சொல்கிறோம். இவை ஒருநாட் செயல்கள். தேரைக் கொடுத்தவன் நடந்து ஊர் சேர்ந்தான். மறுநாள் அந்த முல்லைக்கு யார் நீர் ஊற்றினார் என்று நாம் கேட்பதில்லை. எமது மரபு கொடையைப் போற்றிய அளவுக்குப் பராமரிப்பைப் போற்றவில்லை. பராமரிப்பிற் பாடுவதற்கு ஒன்றுமில்லை. ஆண்டுக்கு எழுநூற்று முப்பது ஊசிகள், ஒவ்வொன்றும் முந்தியதைப் போலவே. அடியோடு மறக்கப்படும் இன்னொரு செய்தியும் உண்டு. மயிலின் குளிரை உணர்ந்த அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து அவளைக் கலங்கவிட்டிருந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்ற புலவர் நால்வர் அதற்காக அவனை இடித்துரைத்துப் பாடியவை புறநானூற்றில் உள்ளன. பாடநூல் போர்வையை வைத்துக்கொண்டு கண்ணகியை விட்டுவிட்டது. இக்கதைக்குப் பின்னர் திரும்ப வேண்டியிருக்கும்.

நண்பரின் கேள்விக்கு நான் முதலிற் சொல்லியிருக்க வேண்டியது இன்சுலினின் வரலாற்றை. 1889இல் மின்கோவ்ஸ்கியும் வொன் மேறிங்கும் ஒரு நாயின் சதையியை வெட்டி நீக்கினர். அந்த நாய்க்கு நீரிழிவு தோன்றியது. 1921இல் ரொறன்ரோவில் பான்ரிங்கும் பெஸ்ற்றும் செய்த சோதனைகளிலும் மடிந்தவை நாய்களே. 1922 ஜனவரியிற் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக ஏற்றப்பட்டது மாட்டின் சதையியிலிருந்து எடுத்த சாறு. பின்னர் அறுபது ஆண்டுகளுக்கு, 1982இல் பற்றீரியாவைக் கொண்டு செய்த இன்சுலின் விற்பனைக்கு வரும்வரை, கொல்களத்து மாடுகளும் பன்றிகளுமே உலகின் நீரிழிவாளரைக் காத்தன. பூனையின் இன்சுலின் மாட்டினதிலிருந்து ஒரேயோர் அமினோ அமிலத்தால் மட்டும் வேறுபடுவது. இவ்வளவையும் விலங்குகளிடமிருந்து பெற்றுக்கொண்டு, நோயுற்ற ஒரு விலங்குக்கு அதில் ஒரு துளி கொடுப்பதை ஆடம்பரம் என்பது கடன்பட்டவன் பேசும் பேச்சன்று. கண்டறிந்தோர் அதன் காப்புரிமையை 1923இல் ஆளுக்கு ஒரு டொலருக்கு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டனர். அவ்வாறு பொதுவாக்கப்பட்ட மருந்தின் உலகச் சந்தை இன்று பெரும்பாலும் மூன்று கம்பனிகளின் கையில் இருக்கிறது. மனிதருக்கு மருந்தில்லாமற் போவதற்குக் காரணம் தேடுவோர் அங்கே தேடுதல் தகும். என் வீட்டுப் பூனையின் கழுத்தோரத்தில் அன்று.

இந்த வாதம் சரியானதே. ஆயினும் இதிலேயே நின்றுவிட என்னால் முடியவில்லை. எதிர்வீட்டில் ஒருவர் இருக்கிறார்.

அவர் அப்போது சந்தையில் மூட்டை தூக்கும் தொழிலாளி. வயது அறுபதை அணுகியிருந்தது. நீரிழிவு வந்து பதினைந்து ஆண்டுகள். அரசாங்க ஆஸ்பத்திரியின் கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும் கலப்பு இன்சுலினைக் காலையும் மாலையும் ஏற்றுபவர். அந்த மருந்தை ஏற்றினால் அரைமணி நேரத்துள் உண்ண வேண்டும். ஆனால் அவர் உண்பது லொறி வந்து இறங்கிய பிறகே. ஒருநாள் லொறி நான்கு மணிக்கு வரும். இன்னொருநாள் எட்டுக்கு வரும். ஊசி ஏற்றிவிட்டு உண்ணாமல் மூட்டையோடு மயங்கி விழுந்த அநுபவம் இருமுறை ஏற்பட்டதால், மாலை ஊசியைப் பல நாட்கள் அவர் தவிர்த்துவிடுவார். "மாஸ்ரர், உங்கட பூனைக்கு நேரமாச்சுது போல" என்று மாலை வேளைகளிற் படலையில் நின்று சிரிப்பார். கேலி இல்லை, செம்பன்மேல் அவருக்கு உண்மையான பிரியம். ஆனால் அச்சொல்லின் பொருளை நான் உணர நாளாயிற்று. என் பூனைக்கு ஆறு மணி உண்டு. அவருக்கு ஆறு மணி இல்லை. நேரமும் ஒரு சொத்து. நிலத்தைப் போலவும் மூலதனத்தைப் போலவும் அதுவும் சமமின்றியே பங்கிடப்பட்டிருக்கிறது. கிளினிக்கில் "நேரத்துக்கு ஊசி போடுவதில்லையா?" என்று அவரைக் கடிந்துகொள்வோர் இதனை அறிவதில்லை.

2022இல் வெளிநாட்டுக் கடனைத் தீர்க்கமுடியாது என்று நாடு அறிவித்தபின் ஆஸ்பத்திரிகளில் மருந்து அருகியது. வெளியில் வாங்கச் சொன்னார்கள், கடைகளிலும் இல்லை. ஒன்பது நாட்கள் அவருக்கு இன்சுலின் கிடைக்கவில்லை. அந்த ஒன்பது நாட்களிலும் என் வீட்டில், மின்வெட்டுக்கு அஞ்சி ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் இறக்கி வைத்தபடி, திறக்கப்படாத குப்பி ஒன்று இருந்தது. முந்நூறு அலகு. செம்பனுக்கு நாளுக்கு இரண்டு அலகாக ஐந்து மாதம் செல்லும். அவருடைய நாளைய தேவை நாற்பது அலகு, ஏழரை நாளில் முடிந்துவிடும். திறந்த குப்பியை இருபத்தெட்டு நாளில் எறிந்துவிட வேண்டும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. அதன்படி நடந்தால் ஐம்பத்தாறு அலகு பூனைக்கு. எஞ்சிய இருநூற்று நாற்பத்துநான்கும் குப்பைக்கு.

நான் அவரிடம் அதைப்பற்றிச் சொல்லவில்லை.

எனக்குக் காரணம் இருந்தது. பூனையினது நீண்ட நேரம் தொழிற்படும் இன்சுலின். அவருடையது வேறு வகை. வைத்தியரைக் கேளாமல் மாற்றுதல் ஆபத்து. இது முற்றிலும் உண்மை. உண்மையாக இருந்ததால்தான் அது எனக்கு அத்துணை உதவிற்று. வைத்தியர் ஒருவரைக் கேட்டிருக்கலாம். அளவைக் கணித்து மாற்றிக் கொடுக்கலாமா என்பதை அவர் சொல்லியிருப்பார். கேட்க எனக்கு ஒரு சைக்கிளும் அரைமணி நேரமும் போதும். என்னைத் தடுத்தது மருந்தின் வகையன்று. அடுத்த குப்பி எப்போது கிடைக்கும் என்ற அச்சமே. அவ்வாண்டு முடிவில் அவருடைய வலக்காலின் இரண்டு விரல்கள் அகற்றப்பட்டன. அந்த ஒன்பது நாட்களே காரணமென்று எவரும் சொல்லமாட்டார். ஆண்டுக்கணக்கில் நோய் செய்யும் வேலை அது. நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

நண்பரின் கோபத்தில் ஒரு பிழையும் ஒரு நியாயமும் உண்டு. பூனையை நான் பேணியது பிழையன்று. ஓர் உயிரை எம்மையே நம்பி வாழுமாறு பழக்கிய பின், நேரத்துக்கு அதன் கலம் நிரம்பும் என்று அது எதிர்பார்ப்பதும் ஓர் ஒப்பந்தமே. எழுத்தில் இல்லாமையால் அது தளர்ந்துவிடாது. விடியுமுன் எழுந்து மாடு கறக்கும் ஏழைப் பெண்ணுக்கு இந்த ஒழுங்கு நூற்றாண்டுகளாகத் தெரியும். நடுத்தர வர்க்கத்தின் சொகுசு என்று அதனை ஒதுக்குவோர் கிராமத்தை அறியாதவர். நியாயம் வேறிடத்தில் உள்ளது. கடிகாரத்தை நோக்கி ஒன்றின் பசியையும் நீரையும் நாள்தோறும் அளந்து குறித்துவைக்கும் ஆற்றல் எனக்கு இருக்கிறதென்று செம்பன் காட்டிவிட்டது. அதன்பின் "எனக்கு நேரமில்லை", "எனக்கு இவை விளங்கா", "அமைப்பு மாறினால்தான் எல்லாம் மாறும்" என்று எதிர்வீட்டை நோக்கிச் சொல்லும் உரிமையை நான் இழந்துவிட்டேன். அமைப்பு மாறத்தான் வேண்டும். லொறி வரும் நேரத்தை என் ஈகை மாற்றாது. தொழிலாளரின் சங்கமே மாற்றும். ஆனால் ஒன்பது நாட்களில் ஒருநாள் சைக்கிளை எடுத்திருக்கலாம் என்பதை எந்தக் கோட்பாட்டினாலும் நான் மறைத்துவிட முடியாது. பேகன் மயிலைப் போர்த்தியதைப் புலவர் நால்வரும் தவறு என்று சொல்லவில்லை.

2023இன் தொடக்கத்தில் செம்பனுடைய இரத்தச் சீனி ஊசியின்றியே அளவில் நின்றது. இரு வாரம் காதோரம் குத்திச் சோதித்த பின் வைத்தியர் இன்சுலினை நிறுத்தச் சொன்னார். திரும்பவும் வரலாம் என்றும் எச்சரித்தார். ஆறு மணி சும்மா கிடந்தது.

எதிர்வீட்டவர் இப்போது ஒரு களஞ்சியத்தில் இரவுக் காவலாளி. கண்ணும் மங்கிவிட்டது; ஊசிக்குழலின் கோடுகள் தெரிவதில்லை. "மாஸ்ரர், பூனைக்குப் போட்ட கைதானே, எனக்கும் ஒருக்கா அளந்து தாருங்கோ" என்று அவராகவே ஒருநாள் வந்து கேட்டார். நானாகப் போகவில்லை. அவர் வேலைக்குப் புறப்படுமுன் ஐந்தரைக்கு அளந்து கொடுக்கிறேன். சாப்பாட்டை வீட்டிலேயே உண்டுவிட்டுப் போகிறார். எனக்கு மேலதிக வகுப்பு உள்ள நாட்களில் அக்கா போகிறார். செம்பனும் சில நாட்கள் பின்னால் வந்து அவருடைய கட்டிலின் கீழே படுத்துக்கொள்ளும்.