பிறவாதார் தலையில் ஏற்றும் வினை

ஒருவன் செய்த வினையின் பயனை அவனே நுகர வேண்டும், பிறனொருவன் நுகர்தல் கூடாது என்பது சைவ சித்தாந்தத்தின் அசையாத கொள்கை. சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என வினையை மூவகையாகப் பகுத்த நம் ஆசாரியர்கள் மூன்றின் கணக்கையும் செய்தவன் பெயரிலேயே எழுதினார்கள். வெள்ளவத்தைக் கோயில் மண்டபங்களில் இதனைத் தலையசைத்துக் கேட்கும் நாம், கற்பிட்டிக் கரைக்கு ஏறத்தாழ 230 கிலோமீற்றர் மேற்கே, இந்தியாவின் கூடங்குளம் அணுவுலையில் சேர்ந்துவரும் கழிவைப் பற்றி அதே மண்டபத்தில் ஒருநாளேனும் சிந்தித்ததுண்டா?

புக்குஷிமா விபத்து நிகழ்ந்த 2011ஆம் ஆண்டிலே, இடிந்தகரை லூர்து மாதா ஆலயத்தின் முன் பந்தலிட்டு மீனவ மக்கள் அவ்வுலையை எதிர்த்து உண்ணாநோன்பிருந்தார்கள்; மறு ஆண்டு செப்டெம்பரில் மணப்பாட்டில் பொலிஸாரின் துப்பாக்கிக்கு மீனவர் ஒருவர் பலியானார். தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் வேரூன்றிய பரதர் குடும்பங்களுக்கு இச்செய்தி அயலார் செய்தியன்று. நம் அரசும் அப்போது சற்றுக் கலங்கியது. ஆனால் அக்கலக்கம் உலை வெடித்தால் காற்று எத்திசையில் வீசும் என்பதைப் பற்றியதேயன்றி, உலை வெடிக்காமல் ஒழுங்காக ஓடினாலும் மிஞ்சும் கழிவைப் பற்றியதன்று.

அக்கழிவு யாது? உலையில் எரிந்து தீர்ந்த யுரேனியக் கோல்களை வெளியே எடுத்ததும், அவற்றின் வெப்பமும் கதிர்வீச்சும் ஆற ஆண்டுக்கணக்கில் நீர்த்தொட்டியிலே அமிழ்த்தி வைக்க வேண்டும். ஆறிய பின்னும் அவற்றிலுள்ள புளூட்டோனியம் பாதியாகக் குறைவதற்கு இருபத்து நாலாயிரம் ஆண்டுகள் செல்லும். நம் மிகப் பழைய தமிழ்க் கல்வெட்டுகளுக்கே ஈராயிரத்துச் சொச்சம் வயதுதான். அவற்றையும் அறிஞர் துணையின்றி நம்மால் வாசிக்க முடியவில்லை; அத்தனை காலம் நிற்க வேண்டிய எச்சரிக்கையை எந்த எழுத்தில் எழுதிவைப்பது? இக்கழிவை நிரந்தரமாகப் புதைக்க நிலத்தடிக் களஞ்சியம் அமைக்க வேண்டுமென்று இந்திய உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத்தில் சொல்லியே உலைக்கு வழிவிட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்னர்தான், கோலார் தங்கச் சுரங்கத்தில் கழிவை வைக்கலாம் என்ற பேச்சு எழுந்தவுடன் அவ்வூரார் வீதிக்கு வந்தார்கள். இந்திய அரசு சில நாட்களிலேயே பின்வாங்கியது. கூச்சலிட வாயுள்ளவன் ஊரில் வைக்க முடியாத பொருளை, வாய் இன்னும் படைக்கப்படாதவன் காலத்தில் வைக்கிறார்கள் என்பதே இதன் உட்பொருள்.

இவ்விடத்தில் சாஸ்திரம் கற்ற நண்பரொருவர், வருங்காலச் சந்ததி படும் துன்பமும் அவரவர் ஊழ்தானே, நாம் வெறும் நிமித்தம் அல்லவா என்பார். வழிப்பறிக்காரனும் இதையே சொல்லலாம். எந்த நீதிபதி ஒப்புவார்? பிறனது ஊழ் என்பது துன்பப்பட்டவன் தன்னைத் தேற்றிக்கொள்ளும் மருந்தேயன்றி, துன்பம் செய்தவன் காட்டும் அனுமதிச் சீட்டன்று. நிமித்தமாய் நின்றவனுக்குப் புதுவினையாகிய ஆகாமியம் ஏறாதென்று எந்த ஆசாரியரும் சொல்லவில்லை.

என்றாலும் என் மனத்தை உறுத்துவது வேறொன்று. இவ்வினையைச் செய்பவர் யார்? அமைச்சரா, பொறியியலாளரா, விசிறியின் ஆளியை அமுக்கும் நானா? 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டில் வெந்த கொழும்பு மாநகரத்தில், எங்கிருந்தாவது மின்சாரம் வரட்டும் என்று வேண்டாதார் எவர்? கோடிப் பேருக்குப் பங்கிட்ட பாவத்தில் ஒருவன் பங்கு அவன் மனச்சாட்சிக்கு எட்டாத அளவு சிறுத்துவிடுகிறது. பங்கு சிறுத்ததால் வினை சிறுத்ததா? நஞ்சு முழுதாகவே கிடக்கிறது.

மின்சாரம் வேண்டாமென்று சொல்ல நான் துணியேன். நுரைச்சோலை நிலக்கரிச் சாம்பலைச் சுமக்கும் மக்களும் நம் மக்களே. ஆனால் இலங்கையிலும் அணுவுலை வேண்டுமென்ற பேச்சு இப்போது அடிபடுகிறது. அத்திட்டம் மக்கள் முன் வரும் நாளில், உலை எந்தக் கரையில் எழும் என்று கேட்பதற்கு முன், கழிவு எந்த மண்ணில், எவர் காவலில் கிடக்கும் என்று வாசகர்கள் கேட்க வேண்டும். விடை எழுத்தில் வரும்வரை சம்மதம் கொடுக்கலாகாது.