காளான் காட்டிய காட்சியும் நற்காட்சியும்



நெய்வேலி நகரியத்து இளைஞர் ஒருவர் கொடைக்கானலில் மயக்கக் காளான் உண்டு திரும்பி, "உடல் வேறு, உயிர் வேறு என நேரிற் கண்டேன், இனி நூலும் நோன்பும் எதற்கு?" என நம்மிடம் வினவினார். அவரைக் கடிந்துரைக்க மனமில்லை; வினா பெரிது. (1985ஆம் ஆண்டுச் சட்டம் இதனைத் தடைசெய்திருப்பதைப் பெற்றோர் அறிக.)

அக்காளானிலுள்ள சைலோசைபினை 1958இல் பிரித்தெடுத்தவர், எல்.எஸ்.டி.யை ஆக்கிய சுவிட்சர்லாந்து வேதியியலார் ஆல்பர்ட் ஹாஃப்மன். 1962ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று, பாஸ்டன் பல்கலைக்கழகத் தேவாலயத்தில், இறையியல் மாணவர் 20 பேரில் 10 பேருக்கு அதனை அளித்தனர். உண்டோரிற் பெரும்பாலோர் இறையநுபவம் பெற்றதாகக் கூறினர். ஆதலின் நம் இளைஞரும் பொய்யுரைக்கவில்லை.

சடப்பொருள் அறிவைத் திரிப்பது நமக்குப் புதுமையன்று, வினையே புத்கலமன்றோ! ஞானாவரணீயத்திற்குத் திரைச்சீலையை உவமை கூறிய ஆசிரியர்கள், மோகனீயத்திற்கு மதுவைக் கூறினர். இவ்வேறுபாட்டை ஊன்றி நோக்குக. திரைக்குப் பின் நிற்பவன் தனக்குத் தெரியவில்லை என்பதையேனும் அறிவான். மதுவுண்டவனோ, தெரிந்துவிட்டதென்றே உறுதி கொள்வான்.

இத்தகு பொருள்களை உண்டோரிடம், உலகம் சடமே என்னும் எண்ணம் தளர்ந்து, எப்பொருளிலும் உணர்வுண்டு என்னும் நம்பிக்கை மிகுவதாகவும், அம்மாற்றம் 6 மாதம்வரை நிற்பதாகவும் 2021இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மண்ணும் நீரும் ஓரறிவுயிர் என்னும் நம் கொள்கைக்கு இது சான்றென மகிழ்வோர் உளர். நாம் மகிழவில்லை. எங்கும் உயிரைக் கண்ட அவ்விளைஞர், மறுநாட் காலையில் இன்னொரு காளானையும் பிடுங்கினாரே!

நெய்வேலியில் வாழ்வோருக்கு ஒன்று தெரியும். நிலக்கரியை அடைய மேல்மண்ணை அகற்றினால் மட்டும் போதாது. அடியில் அழுத்தத்துடன் நிற்கும் ஊற்றுநீரை இரவுபகலாக இறைத்து அடக்க வேண்டும். இன்றேல் அது சுரங்கத்தின் அடித்தளத்தைப் பிளந்து மேலெழும். சினமும் செருக்கும் மாயமும் பற்றும் அவ்வாறே அடியில் நிற்பன. அவற்றை இறைக்காமல் மேல்மண்ணை மட்டும் ஓரிரவில் அகற்றியவருக்கு என்ன நேரும்?

"காட்சிக்குப் பின் சினம் குறைந்ததா?" என வினவினோம். திரும்பிய வாரமே தந்தையிடம் கடுஞ்சொல் கூறியதை அவரே ஒப்புக்கொண்டார்.

அன்று நம்முடன் சாமாயிகத்திற்கு அமர்ந்தார். 48 நிமிடம் அமர வேண்டும். பத்தாம் நிமிடத்திலேயே கால் மரத்ததென எழுந்துவிட்டார். மறுநாளும் வந்தார்.