எந்த வினையின் அலை?

2004 டிசம்பர் 26 அன்று குளச்சல், கொட்டில்பாடு கரைகளில் சுனாமி ஏறியது. மணக்குடியில் பழையாற்றுக் கழிமுகப் பாலம் தகர்ந்தது. 'யார் செய்த பாவம்?' என்ற கேள்வி பேரழிவுகளை எப்போதும் துரத்தி வருகிறது. வினைக் கணக்குப் பார்ப்பவர்கள் விளைவிலிருந்து காரணத்தை நோக்கிப் பின்னால் நடக்கிறார்கள்.

அந்த நடையைக் கணிதம் மறிக்கிறது.

4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர் ஓடும் சுனாமி, கரையருகே தளர்கிறது. பின்னால் வரும் நீர் முன்னதைப் பிடித்துச் செங்குத்துச் சுவராக எழலாம். நீரின் நிறை மாறாது. ஆனால் நீரோட்டத்தை விவரிக்கும் சமன்பாட்டுக்கு அங்கே பல தீர்வுகள்! இயற்கைக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க, கணிதவியலாளர் பீட்டர் லாக்ஸ் 1957இல் என்ட்ரோபி நிபந்தனையை வகுத்தார். அதன்படி, அலையின் பழைய நிலையைச் சொல்லும் தடயங்கள் அந்தச் சுவருக்குள் புகுந்து அழிகின்றன. வெவ்வேறு கடந்தகாலங்கள் ஒரே சுவரில் வந்து முடியலாம்.

விதியை நம்புவது அவரவர் உரிமை. நீரே திருப்பிச் சொல்ல முடியாத கதையை, பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முற்பிறவியில் தேடுவதோ கொடுமை.